எந்தக் கஷ்டத்தை விட்டுவைத்திருக்கிறார்கள்? போர் கேம் வாங்குகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாலு பேர் நாங்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில் வேலை. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஆன்லைனில் சேர்ந்து ஆடுவதற்கு இரண்டாம் உலகப் போர் கேம் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறோம். ஒருவன் ‘ஹெல் லெட் லூஸ்’தான் நிஜமான போர் என்கிறான். இன்னொருவன், அதில் பாதி நேரம் நடந்தே போய்விடும், ‘கால் ஆஃப் டியூட்டி’ வாங்கினால் ஜாலியாக இருக்கும் என்கிறான். எதற்குக் காசு போடுவது?
(பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் நண்பர்கள் இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதனால்தான் பேச்சு முடியாமல் இழுக்கிறது.

போன மாதம் வண்ணார்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் ஹெல் லெட் லூஸ் ஆடிக்கொண்டிருந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நார்மண்டி வயல்வெளி. வேலி ஓரமாக ஆறு பேர் குனிந்து குனிந்து போகிறார்கள். ஏழெட்டு நிமிஷம் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. எதிரி எங்கே என்று காட்டும் சிவப்புப் புள்ளி அதில் கிடையாது. சுட்டது பட்டதா என்று சொல்லும் குறியும் கிடையாது. ஹெட்போனில் குழுத் தலைவர் மட்டும் மெதுவாகப் பேசுகிறார். திடீரென்று ஒரு ‘டப்’. திரை இருண்டுவிட்டது. இவ்வளவு நேரம் நடந்தது இதற்குத்தானா என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. அவனோ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “மாமா, அந்த வேலிக்குப் பின்னால மெஷின் கன் இருக்குன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுல்லா” என்றான்.

அவன் செத்ததில் குழுவுக்கு ஒரு சேதி கிடைத்தது. அந்தக் கேமின் ருசி அங்கேதான் இருக்கிறது. அது பிடிக்கிறவர்களுக்கு அந்த ஏழெட்டு நிமிஷ நடை வீண் இல்லை. பிடிக்காதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் அது நடைதான்.

விற்பனைப் பக்கத்தில் எல்லா போர் கேமும் ‘நிஜம்’ என்றுதான் எழுதிக்கொள்கிறது. அவர்கள் காட்டுவது பெரும்பாலும் சட்டைப் பொத்தானும் துப்பாக்கிச் சத்தமும். நான் வேறொன்றைத் தேடுவேன். அந்தப் போரில் சிப்பாய்க்கு எதுவெல்லாம் கிடைக்காமல் இருந்தது, அதில் எதையெல்லாம் இந்தக் கேம் நமக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறது? எதிரி இருக்கும் இடம் தெரியாது, குண்டு கொஞ்சம்தான், நேரம் போதாது. இந்தக் கஷ்டங்களில் எதை விட்டுவைத்தார்கள், எதை எடுத்துவிட்டார்கள் என்று பாருங்கள். ஜாலி என்பதும் அந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, அமெரிக்கப் படையின் எம்1 காரண்ட் துப்பாக்கி. எட்டுக் குண்டு. கடைசிக் குண்டு போனதும், குண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிப் ‘டிங்’ என்று வெளியே துள்ளும். ஆரம்ப காலத்துப் போர் கேம்களில் எட்டும் தீராமல் ரீலோட் செய்யவே முடியாது. நிஜத்தில் பாதிக் கிளிப்பை வெளியே எடுக்கலாம், கொஞ்சம் சள்ளை பிடித்த வேலை, அவ்வளவுதான். அந்த இடத்தில் கேம் நிஜத்தைவிடக் கடுமையாக இருந்தது. ஆனாலும் ரசித்து ஆடினோம். இரண்டு குண்டு மிச்சம் இருக்கும்போது, சுட்டுத் தீர்ப்பதா வைத்துக்கொள்வதா என்று ஒரு நொடி யோசிக்க வைத்ததே, அதற்காக.

‘பேட்டில்ஃபீல்டு 1’ நேர் எதிர். 2016-ல் வந்தது, முதல் உலகப் போர். பார்க்கும் கையிலெல்லாம் படபடவென்று சுடும் துப்பாக்கி. எம்பி18 என்கிற அந்த ரகத் துப்பாக்கி ஜெர்மன் படைக்கு வந்ததே 1918-ல்தான். பெரும்பாலான சிப்பாய்கள் வைத்திருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளும் ரைஃபிள். அப்படி ஆடினால் வேகம் குறையும் என்று அந்தக் கஷ்டத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதே கேமின் முதல் அத்தியாயத்தில் நீங்கள் பிழைக்கவே முடியாது. ஒவ்வொரு சிப்பாய் விழும்போதும் அவன் பெயரும் பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் திரையில் வரும், அப்புறம் இன்னொருவன் உடம்புக்குள் போவீர்கள். துப்பாக்கியில் வரலாறு தப்பு, சாவில் தப்பில்லை. நிஜமான கேம், ஜாலியான கேம் என்று இரண்டு அலமாரி போட்டுப் பிரிக்க என்னால் முடியாததற்கு இதுதான் காரணம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஹெல் லெட் லூஸில் ஒரு ஆட்டம் ஒன்றரை மணி நேரம் வரை போகும். பக்கத்துக்கு 50 பேர். ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் ஒரு ஆட்டத்தோடு பதினொன்று ஆகிவிடும். நாலு பேரும் ஒரே குழுவில் சேர்ந்து மைக்கில் பேசி ஆடுவீர்களானால் அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. தனியாக, பேசாமல் ஆடினால் பாதிப் பணம் தண்டம். கால் ஆஃப் டியூட்டி பத்து நிமிஷ ஆட்டம். நடுவில் சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போகலாம், காலையில் ஷிஃப்ட் உள்ளவருக்கு அதுதான் தோது. ஆனால் அந்த வரிசையில் எல்லாமே இரண்டாம் உலகப் போர் இல்லை. 2017-ல் வந்ததும் 2021-ல் வந்த ‘வேன்கார்டு’ம்தான் அண்மையில் வந்தவற்றில் அந்தக் காலத்துக் கதை. பழையதை வாங்கும் முன், இப்போதும் ஆன்லைனில் ஆள் ஆடுகிறார்களா என்று பாருங்கள்.

காசு போடுவதற்கு முன் ஒரு வாரம் ‘வார் தண்டர்’ ஆடிப் பாருங்கள், அது இலவசம். ஒரே விமானத்தை அதில் மூன்று விதமாக ஓட்டலாம். ஆர்கேடில் எங்கே குறி வைக்க வேண்டும் என்று திரையே காட்டிக் கொடுக்கும். ரியலிஸ்டிக்கில் அந்த உதவி போய்விடும், குண்டு தீர்ந்தால் விமான தளத்துக்குத் திரும்ப வேண்டும். சிமுலேட்டரில் விமானி உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்துதான் உலகம் தெரியும். எந்த முறையில் உங்களுக்கு நேரம் போனதே தெரியவில்லையோ, அதுதான் உங்கள் ரகம். உள்ளே விற்கிற டாங்கி, விமானங்களில் மட்டும் கையை வைக்காதீர்கள். இலவசக் கேமில் செலவு அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினால், வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். கேமைத் திறந்துவைத்துவிட்டு செட்டிங்ஸ் மாற்றிக்கொண்டிருக்கும் நேரமும் அந்த இரண்டு மணியில் சேர்ந்துவிடும். நான் ஒருமுறை பயிற்சிக் கட்டத்திலேயே மூன்று மணி நேரத்தைக் கழித்துவிட்டு, பிடிக்காத கேமை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். முதல் நாளே நேராக ஒரு ஆட்டத்துக்குள் போய்விடுங்கள்.

கேள்வி: ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-ல் நம்ம ராஜேந்திர சோழன் இருக்கிறாராமே? லேப்டாப் சாதாரணமானது, கிராபிக்ஸ் கார்டு இல்லை. வாங்கலாமா? வரலாறு ஒழுங்காக இருக்குமா?
(காயல்பட்டினம் வாசகர்)

பதில்: வாங்கலாம். இரண்டு தடவை காசு போக வேண்டியிருக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 2019-ல் வந்த ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ முதலில் வேண்டும், அதற்கு மேல் 2022-ல் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்கிற கூடுதல் பகுதி, ராஜேந்திர சோழன் அதில்தான் இருக்கிறார். இரண்டாவதை மட்டும் வாங்கினால் ஓடாது. ஜூன் கடைசியிலும் டிசம்பரிலும் ஸ்டீமில் பெரிய தள்ளுபடி வரும், காத்திருந்து வாங்குங்கள். உங்கள் லேப்டாப்பில் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் ஓட வாய்ப்பு உண்டு, ஓடாவிட்டால் அந்த 2 மணி நேரக் கணக்கு இருக்கிறது.

வரலாறு என்றால், நாலு பேர் சுத்தியலோடு நின்றால் சில நிமிஷத்தில் கோட்டை எழும்பிவிடும். நூற்றாண்டுகளைக் கலக்கித்தான் படை அமைத்திருக்கிறார்கள். உருமி என்கிற சுருள்வாளை வீசும் வீரர்கள் கூட்டமாக ஓடுவார்கள். ஆளைத் தொட்டால் தமிழில் பதில் சொல்வார்கள், முதல் தடவை கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் உங்கள் ஊர்க்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று அதில் இருக்கிறது. சோழர் படைக்கு அந்தக் கேம் வைத்திருக்கும் பெயர் ‘திராவிடர்’, அந்தப் படையில் குதிரை பலவீனம். காலாளும் யானையும் கப்பலும்தான் பலம். ஆடுகிறவர்கள் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். தாமிரபரணிக் கழிமுகத்துக் காயல் துறைமுகத்தைப் பற்றி மார்க்கோ போலோ என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். பாண்டிய அரசர்கள் குதிரையைக் கடல் தாண்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. இந்த மண்ணில் குதிரை எளிதில் கிடைக்காத பொருள். ஆக, கோட்டை எழும்பும் வேகத்தில் பொய் சொன்ன கேம், குதிரைக் கணக்கில் உண்மையைத் தொட்டிருக்கிறது. அதை வைத்துத்தான் உங்கள் ஆட்ட உத்தியே மாறும். குதிரை இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் அந்த அரை மணி நேரத்துக்கே கொடுத்த காசு தகும்.

கேள்வி: ஆன்லைனில் ஒருவர் பாதி விலைக்கு ஒரு போர் கேமின் அக்கவுண்டைக் கொடுத்தார். யுபிஐ-யில் பணம் அனுப்பினேன். பத்து நாளில் பாஸ்வேர்டு மாறிவிட்டது, ஆள் போனை எடுக்கவில்லை.
(தென்காசி வாசகர்)

பதில்: இதைப் படித்ததும் முதல் வேலையாக 1930-க்குப் பேசுங்கள், அது பண மோசடிக்கான சைபர் உதவி எண். பணம் அனுப்பிய ரசீது, அவர் பேசிய மெசேஜ் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். ஒழுங்கான கடையோ கம்பெனியோ ஏமாற்றியிருந்தால் 1915, நுகர்வோர் உதவி எண், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று போகலாம். முகம் தெரியாத தனி ஆளிடம் வாங்கியதில் அந்த வழி கடினம். அக்கவுண்டை அடுத்தவருக்கு விற்பதையே பெரும்பாலான கேம் கம்பெனிகள் ஏற்பதில்லை, அதனால் அவர்களும் உதவ மாட்டார்கள். பிளேஸ்டேஷன் இருந்தால் செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்குங்கள். கையில் பொருள் இருக்கும், ஆடி முடித்து விற்கவும் செய்யலாம்.

கேள்வி: ஐயா, மகன் ஒன்பதாம் வகுப்பு. போர் கேம் வேண்டுமென்று நிற்கிறான். கேட்டால், வரலாறு படிக்கத்தான் என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
(அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மா)

பதில்: அம்மா, அவன் சொல்வதை நம்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள், ஆனால் கேமை நீங்கள் தேர்ந்தெடுங்கள். 2014-ல் வந்த ‘வேலியண்ட் ஹார்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போர்தான், கார்ட்டூன் மாதிரி வரைந்திருப்பார்கள். சுடுவதைவிடப் புதிர்களை விடுவிப்பதுதான் வேலை. வழியில் கிடைக்கும் பொருள்களைத் தொட்டால் அந்தக் காலத்தைப் பற்றிச் சின்னச் சின்னக் குறிப்புகள் வரும். வீட்டுக்கு எழுதும் கடிதங்கள் வரும். சாதாரணக் கம்ப்யூட்டரே போதும், விலையும் அதிகமில்லை. முடிவு மனதைப் பிசைந்துவிடும், அந்த நேரம் பக்கத்தில் இருங்கள்.

அதன் பார்வை பெரும்பாலும் பிரான்ஸ் பக்கம். அதே போருக்கு இந்தியாவிலிருந்து 10 லட்சம் பேருக்கு மேல் கடல் கடந்து போனார்கள், சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. இதையும் அவனிடம் சொல்லுங்கள், அதைப் பற்றிப் படிக்க அவனே புத்தகம் கேட்பான். வேறு கேம் கேட்டால் உறையிலோ விற்பனைப் பக்கத்திலோ வயது எண் போட்டிருக்கும், 18 என்றிருந்தால் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: அண்ணாச்சி, பாளையக்காரர் போரை வைத்துக் கேம் எதுவும் விற்கிறதா? தம்பி கம்ப்யூட்டர் படிக்கிறான், இப்படி ஒன்று கிடைத்தால் வாங்கித் தரச் சொல்கிறான்.
(ஒட்டப்பிடாரம் வாசகர்)

பதில்: வாங்கச் சொல்லும்படி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. காலத்தால் அருகில் இருப்பது 2009-ல் வந்த ‘எம்பயர்: டோட்டல் வார்’. அதில் 1700-லிருந்து ஆட்டம் தொடங்கும், மராட்டியரும் மொகலாயரும் உண்டு. ஆனால் அது பேரரசுகளை நகர்த்துகிற கேம். ஒரு பாளையத்தின் அளவில் அது யோசிக்காது.

பாஞ்சாலங்குறிச்சிக்கு நான் போகும்போதெல்லாம், 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டு, பழைய அஸ்திவாரம் கிடக்கும் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நிற்பேன். கட்டபொம்மனை 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துப் போட்ட கோட்டையைத் திரும்ப எழுப்பினார். மண் கோட்டைதான். மார்ச் கடைசியில் கம்பெனிப் படை ஏறி வந்து தோற்றது. பெரிய பீரங்கிகள் வந்து சேர்ந்து, மே மாதக் கடைசியில்தான் உள்ளே நுழைய முடிந்தது.

இதைக் கேமாக்குகிறவர் அந்த இரண்டு மாதத்தை என்ன செய்வார்? ஆடுகிறவருக்கு அலுக்கும் என்று வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது வழக்கமான கோட்டைச் சண்டை. எனக்கு அந்த இரண்டு மாதம்தான் வேண்டும். பகலில் உடைந்த சுவரை ராத்திரி மண் குழைத்து அடைக்கிற வேலை, உள்ளே தானியம் எத்தனை நாளுக்கு என்கிற கணக்கு, ஈட்டியை வைத்துக்கொண்டு துப்பாக்கிக்கு எதிரே எவ்வளவு தூரம் ஓடலாம் என்கிற கணக்கு. மஸ்கட் என்கிற அந்தக் காலத்துத் துப்பாக்கியை மறுபடி நிரப்ப ஏறக்குறைய 20 விநாடி. ‘ஹோல்ட்ஃபாஸ்ட்’ என்கிற நெப்போலியன் காலத்துக் கேமில் அந்தக் காத்திருப்பையே ருசித்து ஆடுகிறார்கள். ஓடி வருகிறவன் பக்கம் நின்று அந்த விநாடிகளை எண்ணினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் தம்பிக்குப் புதிதாக வேறு எதுவும் தேட வேண்டாம். மேலே சொன்ன ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ மட்டும் தள்ளுபடியில் வாங்கிக் கொடுங்கள். சொந்தமாக ஒரு போரை அமைக்கும் எடிட்டர் அதோடு சேர்ந்தே வருகிறது, தனிக் காசு கிடையாது. எந்தப் படை எப்போது வர வேண்டும் என்றுகூட நாமே வைக்கலாம். பாஞ்சாலங்குறிச்சியை அவனே கட்டட்டும். பீரங்கி மட்டும் முதலிலேயே வந்துவிடக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.