'நெகட்டிவ்' என்று வந்தால் நிம்மதியா? குடும்பத்தில் வரும் குடல் புற்றுநோய்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அப்பாவுக்கு 46 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. பெரியப்பாவுக்கு 52-ல். அத்தை கருப்பைப் புற்றுநோயில் இறந்துபோனார். பயத்தில் நானே ஒரு லேபில் ரத்தம் கொடுத்து மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். 'நெகட்டிவ்' என்று வந்திருக்கிறது. இனி எனக்குக் கவலை இல்லையா?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. தேடிய மரபணுக்களில், தேடிய வகைப் பிழை எதுவும் உங்களிடம் தென்படவில்லை என்பதைத்தான் அந்த ரிப்போர்ட் சொல்கிறது. அப்பாவிடம் ஒரு பிழை இருந்து அது உங்களுக்கு வராமல் போயிருக்கலாம். அதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இல்லையென்றால், அப்பாவிடம் இருப்பது அந்தப் பரிசோதனையின் கண்ணில் படாத பிழையாக இருக்கலாம். அது உங்களிடமும் இருக்கலாம். இந்த இரண்டுக்கும் ரிப்போர்ட்டில் ஒரே வார்த்தைதான் அச்சாகும்.

அதனால்தான் முதலில் நோய் வந்தவரைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறோம். அப்பா இருந்தால் அவருடைய ரத்தமும், அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியின் பாராஃபின் பிளாக்கும் (மெழுகில் பதித்து வைத்த திசு) வேண்டும். அவரிடம், உதாரணத்துக்கு, எம்எஸ்எச்2 மரபணுவில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால், உங்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். அது இல்லை என்று வந்தால் அதுதான் உண்மையான நெகட்டிவ். அதன்பிறகு உங்களுக்கும் ஊரில் உள்ள மற்றவர்களுக்கும் ஆபத்து ஏறக்குறைய ஒன்றே.

அப்பா இல்லையென்றால் பெரியப்பா. அவரும் இல்லையென்றால், அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் நோயியல் துறையில் பிளாக் இன்னும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஃபார்மலினில் ஊறிய திசுவில் டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்திருக்கும். மரபணுவில் ஒரு பெரிய துண்டே காணாமல் போயிருந்தால் (நீக்கம்) அதில் பிடிப்பது கஷ்டம். ஆனாலும் கட்டியில் சில புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் பரிசோதனைக்கு அது போதும். நோயாளி உயிரோடு இருக்கும்போதே ஈடிடிஏ குழாயில் 5 முதல் 10 மில்லி ரத்தம் எடுத்து டிஎன்ஏவைச் சேமித்து வைத்துவிட்டால் பின்னால் இந்தச் சிக்கலே வராது. ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் முறையைத் தடுக்கும். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர் என்றால் ரத்தத்தில் இருப்பது தானம் கொடுத்தவரின் டிஎன்ஏ. அவருக்குத் தோல் திசுதான் எடுக்க வேண்டும்.

உங்கள் குடும்பத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடல், கருப்பைப் புற்றுநோய்களைப் பரம்பரையாகக் கொண்டுவரும் லிஞ்ச் சிண்ட்ரோமைச் சந்தேகிக்க ஆம்ஸ்டர்டாம் விதி என்று ஒன்று உண்டு: நோயுற்ற மூன்று உறவினர்கள், அடுத்தடுத்த இரண்டு தலைமுறைகள், ஒருவராவது 50 வயதுக்குள். 1999-ல் வெளியான திருத்தத்துக்குப் பிறகு கருப்பைப் புற்றுநோயும் கணக்கில் சேரும். உங்கள் குடும்பத்தில் மூவரும் ஒரே தலைமுறை என்பதால் விதிப்படி தேறாது. விதி தேறவில்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். லிஞ்ச் குடும்பங்களில் பல இந்த விதிக்குள் அடங்குவதே இல்லை. குடும்ப வரலாறு எப்படி இருந்தாலும் எல்லாப் பெருங்குடல் கட்டிகளையும் பரிசோதியுங்கள் என்று பல வழிகாட்டுதல்கள் இப்போது சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்பாவின் முடிவு வரும்வரை உங்களை ஆபத்து உள்ளவராகவே கருத வேண்டும். 60 வயதுக்குள் நோய் வந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு, 40 வயதிலோ அல்லது நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்போ, எது முந்துகிறதோ அப்போது கொலனோஸ்கோபி தொடங்குவது பரவலான நடைமுறை. உங்களுக்கு அது 36. லிஞ்ச் என்று உறுதியானால் இன்னும் முன்னால் போகும்: எம்எல்எச்1, எம்எஸ்எச்2 என்றால் வழக்கமாக 25 வயதிலிருந்து, ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை.

கேள்வி: அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இழப்பு, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 உள்ளன' என்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கு 71 வயது. இது பரம்பரை நோய் என்று அர்த்தமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. இந்த நான்கு புரதங்களும் டிஎன்ஏ நகலெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்துபவை. இவை ஜோடியாக வேலை செய்கின்றன: எம்எல்எச்1-உடன் பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2-உடன் எம்எஸ்எச்6. எம்எல்எச்1 போனால் பிஎம்எஸ்2 தனியே நிலைக்காமல் சிதைந்துவிடும். பிஎம்எஸ்2 மட்டும் போனால் எம்எல்எச்1 நிற்கும். எனவே எந்தெந்தப் புரதம் இல்லை என்பதைப் பார்த்தே எந்த மரபணுவைச் சந்தேகிப்பது என்று தெரிந்துவிடும்.

எம்எல்எச்1 மட்டும் ஒரு விதிவிலக்கு. வயதானவர்களின் கட்டிகளில் இந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குழுக்கள் ஒட்டி, பிழை எதுவும் இல்லாமலே அது அணைந்துபோவது உண்டு. அது பெரும்பாலும் கட்டியோடு முடிகிற விஷயம், பிள்ளைகளுக்குப் போகாது. அதனால் அடுத்த படி ரத்தப் பரிசோதனை அல்ல. அதே பிளாக்கில் பிஆர்ஏஎஃப் என்ற மரபணுவில் வி600ஈ பிறழ்வு இருக்கிறதா, எம்எல்எச்1 மெத்திலேற்றம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும், 71 வயதில், லிஞ்ச் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டும் இல்லையென்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம்.

ரத்தத்திலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்? கட்டியின் டிஎன்ஏவையே வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். அந்த மரபணுவின் இரு நகல்களும் கட்டிக்குள்ளேயே கெட்டுப்போயிருப்பது 2013-14 வாக்கில் தெரியவந்தது. விடை தெரியாமல் நின்ற பல நோயாளிகளுக்கு, ஏன் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, காரணம் இதுதான். அதுவும் பரம்பரை அல்ல.

ஒரு எச்சரிக்கை: இந்தப் புரதங்களைச் சாயமேற்றித்தான் பார்க்கிறார்கள். ஸ்லைடில் கட்டிச் செல்கள் நிறமேறாமல் இருக்கும்போது பக்கத்தில் உள்ள லிம்போசைட்டுகளும் (வெள்ளை அணுக்கள்) சாதாரணச் சுரப்பிகளும் பழுப்பு நிறமேறி இருக்க வேண்டும். அவையும் வெளுத்திருந்தால் அது இழப்பு அல்ல, சாயம் பிடிக்கவில்லை என்று பொருள். பெரிய கட்டியை நறுக்காமல் ஃபார்மலினில் போட்டால் நடுப்பகுதிக்குத் திரவம் போய்ச் சேராமல் இப்படி ஆகும். மலக்குடல் கட்டிக்கு அறுவைக்கு முன்பே கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்திருந்தால் எம்எஸ்எச்6 நிறம் பொய்யாகக் குறையும். அங்கே சிகிச்சைக்கு முந்தைய பயாப்ஸியைத்தான் நம்ப வேண்டும்.

கேள்வி: வியுஎஸ் என்று ரிப்போர்ட் வந்தது. தங்கைக்கும் அதே பரிசோதனை செய்யச் சொல்லவா?

பதில்: வேண்டாம். வியுஎஸ் என்றால், எழுத்து மாறியிருக்கிறது, அதனால் தீங்கு உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லச் சான்று போதவில்லை என்று பொருள். ஐந்து படிகள் கொண்ட வகைப்பாட்டில் இது நடுப்படி. இதை வைத்து யாருக்கும் அறுவை சிகிச்சை முடிவு செய்யக் கூடாது, 'தங்கைக்கு அது இல்லை' என்று அவருடைய கொலனோஸ்கோபியை நிறுத்தவும் கூடாது. நோய் வந்த மற்ற உறவினர்களிடம் அதே மாற்றம் இருக்கிறதா என்று லேப் ஆராய விரும்பினால் ரத்தம் கொடுங்கள். அது சான்று சேர்க்கும் வேலை. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை அதே லேபிடம் மறுவகைப்பாடு கேளுங்கள். பல லேப்கள் தாமாகத் தெரிவிப்பதில்லை.

கேள்வி: 38 வயதில் எனக்குக் குடலில் 150-க்கும் மேல் பாலிப்புகள் (சதை வளர்ச்சிகள்). பெற்றோர் இருவருக்கும் குடல் சுத்தம். இந்த நோய்க்கு முதலில் சந்தேகிக்கும் ஏபிசி மரபணுவில் பிழை இல்லை என்று ரிப்போர்ட். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

பதில்: நான்கு இடங்களில் தேட வேண்டும். முதலில் எம்யுடிஒய்எச் மரபணு. இது இரு பெற்றோரிடமிருந்தும் ஆளுக்கொரு பழுதான நகல் வந்தால்தான் நோயாகும். பெற்றோர் நலமாக இருப்பது இதற்குப் பொருந்தி வருகிறது. 2002-ல் இது தெரியவந்தது. அன்று முதல் பல இடங்களில் ஐரோப்பியரிடம் அதிகம் காணும் ஒய்179சி, ஜி396டி என்ற இரண்டு மாற்றங்களை மட்டும் தேடும் பழக்கம் இருந்தது. தெற்காசிய வம்சாவளியினரிடம் வேறு மாற்றங்கள் காணப்படுவதால், முழு மரபணுவையும் படித்தார்களா என்று கேளுங்கள். இரண்டாவது, பிஓஎல்ஈ, பிஓஎல்டி1, என்டிஎச்எல்1 என்ற மரபணுக்கள். முதல் இரண்டும் 2013-லும் மூன்றாவது 2015-லும் பட்டியலில் சேர்ந்தவை. பழைய பேனல்களில் (பல மரபணுக்களை ஒன்றாகத் தேடும் பரிசோதனைகள்) இருக்காது. மூன்றாவது, ஏபிசியை இயக்கிவைக்கும் புரொமோட்டர் பகுதியிலும், புரதக் குறிப்பு இல்லாத இன்ட்ரான்களின் ஆழத்திலும் உள்ள பிழைகள். சாதாரண வரிசைப்படுத்தல், புரதக் குறிப்பு உள்ள எக்ஸான்களையும் அவற்றின் விளிம்பையும்தான் படிக்கும்.

நான்காவதுதான் அதிகம் தவறவிடப்படுவது: மொசைக். கரு வளரும்போது நேர்ந்த பிழை என்றால் உடலின் ஒரு பகுதிச் செல்களில் மட்டும் இருக்கும். ரத்தத்தில் அது இல்லாமலோ கண்டறிய முடியாத அளவுக்குக் குறைவாகவோ இருக்கலாம். ஏபிசி பிழையால் பாலிப் நோய் வந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்குப் பெற்றோரிடம் இல்லாத புதுப் பிழைதான் காரணம் என்பதால் இந்தச் சாத்தியத்தை ஒதுக்க முடியாது. குடலின் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த குறைந்தது இரண்டு, முடிந்தால் நான்கைந்து பாலிப்புகளின் டிஎன்ஏவைத் தனித்தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் அதே ஏபிசி பிழை இருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு பிழை என்றால் மொசைக் இல்லை. மொசைக் என்று உறுதியானால், உங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஒரு பிழையை மட்டும் பரிசோதித்தால் போதும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் ஐந்து பேருக்குக் குடல் புற்றுநோய். எல்லாப் பரிசோதனையும் நெகட்டிவ். ஒரு ஆராய்ச்சிக் குழு ரத்தம் வாங்கிப்போய் வருடக்கணக்காகிறது, பதிலே இல்லை. அப்படி என்னதான் செய்கிறார்கள்?

பதில்: கோபம் நியாயம்தான், ஆனால் வேலையும் அப்படிப்பட்டது. அமெரிக்க நோயியல் நிபுணர் வார்த்தின் 1895-ல் ஒரு தையல்காரப் பெண்ணின் குடும்பத்தைப் பதிவு செய்யத் தொடங்கி 1913-ல் வெளியிட்டார். ஹென்றி லிஞ்ச் 1966-ல் அதேபோன்ற குடும்பங்களை விவரித்தார். எம்எஸ்எச்2 மரபணு பிடிபட்டது 1993-ல். வார்த்தினின் குடும்பத்துக்கும் காரணம் அதுதான் என்று பின்னர் உறுதியானது.

இன்று எக்ஸோமை, அதாவது டிஎன்ஏவில் புரதக் குறிப்புள்ள பகுதிகள் முழுவதையும், படிப்பது எளிது. பொறுக்குவதில்தான் சிரமம். ஒவ்வொரு மனிதரிடமும் ஆயிரக்கணக்கான மாற்றங்கள். அரிதானவை மட்டுமே நூற்றுக்கணக்கில். அண்ணன் தம்பி இருவரின் டிஎன்ஏ பாதி ஒன்றாக இருக்கும், ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு எட்டில் ஒரு பங்குதான். அதனால் நோய் வந்த தூரத்து உறவினர் கிடைத்தால் சந்தேகப் பட்டியல் வெகுவாகச் சுருங்கும். அதற்காகத்தான் சித்தப்பா பிள்ளைகளையும் கேட்கிறார்கள். ஆனால் குடல் புற்றுநோய் பரவலான நோய். ஐவரில் ஒருவருக்கு அது தற்செயலாக வந்திருந்தாலும் 'ஐவருக்கும் பொதுவானது எது' என்ற கணக்கு தவறிப்போகும். அடுத்து, கட்டியில் அந்த மரபணுவின் இரண்டாவது நகலும் போயிருக்கிறதா, தொடர்பில்லாத வேறு குடும்பங்களிலும் அது தென்படுகிறதா, நலமானவர்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஓரிரு குடும்பங்களை வைத்து அறிவிக்கப்பட்ட பல மரபணுக்கள் இந்தக் கட்டத்தில் விழுந்துவிட்டன. பதிலை அவசரமாகக் கொடுக்காத குழுவை நான் குறை சொல்லமாட்டேன்.

ஒரே பெரிய மரபணுதான் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். 2016-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு, 55 வயதுக்குள் நோய் வந்த, நெருங்கிய உறவிலும் நோயுள்ள 1,006 பேரின் எக்ஸோமைப் படித்தது. தெரிந்த மரபணுக்களால் விளக்க முடிந்தது 16 சதவீதம்தான். மிச்சத்துக்கு இன்னொரு பெரிய மரபணு ஒளிந்திருக்கும் அறிகுறியும் இல்லை. ஆபத்தைத் துளித்துளியாகக் கூட்டும் இடங்கள் 200-க்கும் மேல் மரபணுத் தொகுப்பில் அடையாளம் காணப்பட்டுள்ளன. அவற்றில் பல ஒரே குடும்பத்தில் சேர்ந்துவிடுவதும், சேர்ந்து வாழும் சூழலும் காரணமாகலாம்.

குடும்பத்தில் யாருடைய கட்டியிலாவது திருத்தும் புரதங்கள் நான்கும் இருக்கின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாம் விதிக்குப் பொருந்தியும் கட்டியில் திருத்தும் திறன் குறையாத குடும்பங்களை 'டைப் எக்ஸ்' என்பார்கள். 2005-ல் வெளியான ஆய்வில் இவர்களுக்குக் குடல் புற்றுநோய் ஆபத்து பொதுமக்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. லிஞ்சைவிட மிகக் குறைவு. கருப்பை முதலிய மற்ற உறுப்புகளுக்கு ஆபத்து கூடவில்லை. ஆகவே ஆண்டுதோறும் கொலனோஸ்கோபி தேவையில்லை. இடைவெளியை மருத்துவர் நீட்டலாம்.

கேள்வி: லிஞ்ச் இருப்பவர்கள் ஆஸ்பிரின் சாப்பிட்டால் தடுக்கலாமாமே?

பதில்: ஓரளவு உண்மை. கேப்2 என்ற ஆய்வில் லிஞ்ச் உள்ள 861 பேர் கலந்துகொண்டார்கள். தினமும் 600 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டு சாப்பிட்டவர்களுக்கு, பல ஆண்டு கழித்துப் பார்க்கையில் குடல் புற்றுநோய் குறைந்திருந்தது. பலன் உடனே தெரியவில்லை. குறைந்த அளவும் போதுமா என்பதை ஆராயத்தான் கேப்3 ஆய்வு தொடங்கப்பட்டது. வயிற்றுப் புண், ரத்தக் கசிவு, ரத்தம் உறையாமைக்கான மருந்து, சிறுநீரகக் கோளாறு ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஆஸ்பிரின் சாப்பிடுவதால் கொலனோஸ்கோபியைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.