சொந்த ஊரை ஒரு சைபர்பங்க் கேமுக்குள் பார்த்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

விளையாட்டை நிறுத்திவிட்டுக் கனநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. இப்போது ஓரளவு விளங்குகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

"உன்ர ஊர் எது?" என்று தமிழ் ஆட்கள் கேட்டால் அப்பாவின் ஊரைச் சொல்லிப் பழகியிருந்தேன். சாவகச்சேரி என்றால் அதற்கு மேல் கேள்வி வராது. ஆனால் நான் பிறந்தது 1990 இல் பேர்லினில். கிரொய்ஸ்பேர்க் என்ற பகுதியில், கொட்புஸர் டோர் சந்திக்குப் பக்கத்து வீடொன்றில்தான் வளர்ந்தேன். அதை என் ஊர் என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தது 2014 இல் வந்த 'ஷேடோரன்: டிராகன்ஃபால்' என்ற கேம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஷேடோரன் முதலில் 1989 இல் மேசையில் உட்கார்ந்து விளையாடும் கதைவிளையாட்டாக வந்தது. சைபர்பங்க் என்று சொல்லும் எதிர்கால உலகம். பெருநிறுவனங்கள் அரசுகளை விடப் பலமானவை, மனிதர்கள் மூளையில் வயர் செருகிக் கணினி வலைக்குள் இறங்குகிறார்கள். கூடவே மந்திரமும் உலகத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. மேலைநாட்டு மாயக் கதைகளில் வரும் குள்ளர்கள், ஓர்க்குகள், டிரோல்கள் எல்லோரும் அடுத்த வீட்டில் வாடகைக்கு இருப்பார்கள். டிராகன்களும் உண்டு. அந்த உலகத்தைக் கணினிக்குக் கொண்டுவர ஹேர்பிரெய்ன்ட் ஸ்கீம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2012 இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டியது. 18 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. முதல் கதை சியாட்டிலில். இரண்டாவது கதைக்கு எந்த நகரம் என்று பணம் போட்டவர்களிடமே வாக்குக் கேட்டார்கள். அவர்கள் பேர்லினைத் தெரிவு செய்தார்கள்.

கதை நடப்பது 2054 இல். பேர்லினில் அரசாங்கம் என்று ஒன்றில்லை. ஒவ்வொரு சிறு பகுதியும் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. நீங்கள் கூலிக்குக் கள்ள வேலைகள் செய்யும் ஒரு குழுவில் ஒருவர். தொடக்கத்திலேயே ஒரு வேலை பிழையாகப் போகிறது. குழுவை நடத்திய மொனிக்கா என்ற பெண் கண்முன்னே சாகிறாள். மிச்சமானவர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்புகிறார்கள். அந்த இடத்தின் பெயர் கிரொய்ஸ்பசார். நான் நடந்து பார்த்தேன். ஒரு மூலையில் ஒரு கஃபே. பெயர்ப்பலகையில் 'கஃபே ஜெஸ்வே'. கடைக்காரர் அல்தூ என்ற துருக்கிக்காரர்.

அந்த இடத்தில்தான் நிறுத்தினேன்.

ஜெஸ்வே என்பது துருக்கிக் காப்பி போடும் நீண்ட கைபிடி வைத்த சின்னச் செப்புப் பாத்திரம். எங்கள் கீழ்வீட்டில் ஒரு துருக்கி அன்ரி இருந்தார். தெய்ஸே என்று கூப்பிடுவோம். அவர்களுக்கு அது எங்களுக்குச் சின்னம்மா, பெரியம்மா மாதிரி. அம்மா வேலையால் வரப் பிந்தினால் நான் அவர் குசினியில்தான் இருப்பேன். ஜெஸ்வேயை அடுப்பில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்கமாட்டார். நுரை விளிம்புக்கு ஏறும்போது தூக்கிவிடுவார், கொதிக்க விடமாட்டார். ஒரு கரண்டியால் நுரையை ஒவ்வொரு கிண்ணத்துக்கும் சரிசமமாகப் பங்கிட்டுவிட்டுத்தான் காப்பியை ஊற்றுவார். எனக்குக் காப்பி கிடையாது, நுரை மட்டும் ஒரு துளி. அந்தப் பாத்திரத்தின் பெயர், உலகத்தின் மறுகரையில் யாரோ எழுதிய எதிர்காலக் கதையில், ஒரு கடைவாசலில் எழுதியிருந்தது.

இத்தனைக்கும் கிரொய்ஸ்பசார் எந்த வரைபடத்திலும் இல்லாத கற்பனை இடம். தூண்கள் மேல் ஓடும் எங்கள் ஊ1 ரயில் பாதை அதில் இல்லை. வாய்க்கால் இல்லை. 1974 இல் கட்டிய 12 மாடித் தொடர்கட்டடம் கொட்புஸர் டோரில் வளைந்து நிற்கும். அதன் அடியால் தெருவே நுழைந்து போகும், பல்கனிகளில் சற்றலைட் தட்டுகள் பூத்திருக்கும். வெளியாள் ஒருவர் பார்த்தால் இதுவே சைபர்பங்க் என்பார். கேமில் அதுவும் இல்லை. ஆனாலும் அது கிரொய்ஸ்பேர்க் என்பதில் எனக்கு ஒரு நிமிடமும் சந்தேகம் வரவில்லை.

காரணம் ஆட்கள் கதைக்கும் விதம். ஒவ்வொரு வேலையும் முடித்து நீங்கள் கிரொய்ஸ்பசாருக்குத் திரும்பும்போது, அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்ல ஏதாவது புதிதாக இருக்கும். ஒருவருக்குக் கடன். இன்னொருவருக்கு மருந்து முடிந்துவிட்டது. எல்லோரும் மொனிக்காவை நினைக்கிறார்கள், அவள் செய்து தந்த சின்னச் சின்ன உதவிகளைச் சொல்கிறார்கள். இனி அதையெல்லாம் நீதான் செய்யவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கேமில் குரல் நடிப்பு கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். அதனால் நான் அவர்களுடைய வரிகளை எங்கள் படிக்கட்டில் கேட்ட குரல்களில்தான் வாசித்தேன். ஆங்கில வசனத்துக்குள் ஜேர்மன் சொற்கள் அப்படியே விழும். நாங்களும் அப்படித்தானே: "அம்மா, ஷ்லூஸலை மறந்திட்டன், கதவைத் திறவுங்கோ." ஷ்லூஸல் என்றால் சாவி. திறப்பு என்ற சொல் எனக்குப் பத்து வயதில்தான் தெரியும்.

அரசு இல்லாத ஊர் என்பதைச் சிலர் வெறும் கற்பனை என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பகுதியின் வரலாறு தெரிந்தால் அப்படித் தோன்றாது. பேர்லினைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த மதில் இருந்த காலத்தில், மேற்கு பேர்லினில் இருந்த கிரொய்ஸ்பேர்க்கின் கிழக்குப் பாதி மூன்று பக்கமும் மதிலால் சூழப்பட்ட மூலை. பணம் உள்ளவர்கள் விட்டுப் போனார்கள், வாடகை விழுந்தது. மேற்கு ஜேர்மனி ஆள் எடுக்கத் துருக்கியோடு செய்த 1961 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த துருக்கித் தொழிலாளர், படிக்கிற பிள்ளைகள், வெறும் வீடுகளைப் பூட்டுடைத்துக் குடியேறியவர்கள், பிறகு எங்களைப் போன்ற அகதிகள், எல்லோரும் வந்து சேர்ந்த இடம். 1980களின் தொடக்கத்தில் மேற்கு பேர்லினில் அப்படிக் குடியேறப்பட்ட வீடுகள் நூற்றுக்கு மேல். அவற்றில் பெரும்பங்கு எங்கள் பகுதியில்தான்.

மதிலோரம் ஒரு முக்கோணத் துண்டு நிலம் கிடந்தது. சட்டப்படி கிழக்குக்குச் சொந்தம். ஆனால் மதிலை நேராகக் கட்டியதால் மேற்குப் பக்கம் விடுபட்டுவிட்டது. மேற்குப் பொலிசுக்கு அங்கே அதிகாரம் இல்லை. 1983 இல் ஒஸ்மான் கலின் என்ற துருக்கி முதியவர் அங்கே கிடந்த குப்பையை அள்ளிவிட்டு வெங்காயமும் பூண்டும் நட்டார். கிழக்கின் காவலர்கள் வந்து விசாரித்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு கிடைத்த பலகை, தகரம் எல்லாம் வைத்து ஒரு வீடும் எழுப்பினார். அவர் 2018 இல் காலமானார். வீடு இன்றும் நிற்கிறது. சின்ன வயதில் அந்த வேலியோரம் நாங்கள் பந்து பொறுக்கியிருக்கிறோம்.

இனி அப்பாவின் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2014 டிசம்பரில் ஒரு இரவு நான் விளையாடிக்கொண்டிருந்தபோது அப்பா அறைக்குள் வந்தார். அந்தக் கேமில் ஒவ்வொரு வேலைக்கும் கிரொய்ஸ்பசாரின் ஊபான் நிலையத்தில் இறங்கித்தான் புறப்படவேண்டும். நிலத்தடி ரயிலை இங்கே அப்படித்தான் சொல்வோம். திரையில் அந்த நிலையம் இருந்தது. மங்கலான வெளிச்சம், ஓடு பதித்த சுவர்.

"இது எந்த ஸ்டேஷன்?"

"உண்மையான ஸ்டேஷன் இல்லையப்பா. கேமுக்குக் கீறினது."

அப்பா கட்டிலில் இருந்துகொண்டார். "நான் வரேக்கை இப்பிடித்தான் இருந்தது" என்றார்.

1985 மார்ச்சில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர் அவர். அப்போது கிழக்கு ஜேர்மனி கடந்துபோகும் விசா கொடுத்தது. மேற்கோ பேர்லின் முழுவதும் ஒரே நகரம் என்ற நிலைப்பாட்டில் இருந்ததால் தன் பக்கத்தில் எல்லைச் சோதனை வைக்கவில்லை. அந்த இடைவெளிக்குள்ளால் ஆயிரக்கணக்கான தமிழர் வந்தார்கள். அதே ஆண்டு நடுப்பகுதியில் தமிழருக்கு அந்த வழி அடைபட்டது. இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரியாதது ரயிலுக்குள் நடந்தது.

கிழக்கு பேர்லினின் எல்லை நிலையமான பிரீட்ரிக் ஸ்ட்ராஸவில் முத்திரை குத்திவிட்டுக் கீழே அனுப்பினார்களாம். மஞ்சள் ரயிலில் ஏறினாராம். அது ஊ6. மேற்கின் ரயில், ஆனால் கிழக்கின் நிலத்துக்கு அடியால் ஓடியது. நடுவில் இருந்த நிலையங்களைக் கிழக்கு அரசு மூடிவிட்டிருந்தது. பேய் நிலையங்கள் என்று அவற்றுக்குப் பெயர்.

"அடுத்த ஸ்டேஷனிலை ரயில் நிக்கேல்லை. மெதுவாப் போச்சு. மங்கல் லைட். தூணுக்குப் பின்னாலை ஒருத்தன் துவக்கோடை நிண்டு எங்களையே பாத்தான். அதுக்கடுத்ததிலையும் நிக்கேல்லை. எங்களைத் திருப்பிக் கொண்டு போறாங்கள் எண்டு நினைச்சன். கையிலை பாக், அதுக்குள்ளை ரெண்டு சேட்டு. கொக் ஸ்ட்ராஸயிலை பளிச்செண்டு லைட். கதவு திறந்தது. மரக்கறிப் பையோடை ஒரு கிழவி ஏறினா. அவவைப் பாத்த பிறகுதான் மூச்சு வந்தது."

கொக் ஸ்ட்ராஸ இருப்பது கிரொய்ஸ்பேர்க்கில். அப்பா மேற்கில் பார்த்த முதல் நிலையம் என் ஊரின் நிலையம். இருபத்துநாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதை எனக்குச் சொன்னதில்லை. ஒரு கேமில் கீறிய நிலையம் சொல்ல வைத்தது.

பிறகு அவருக்கு கேமை விளங்கப்படுத்தினேன். ஜேர்மன்காரர் தங்கள் சின்னப் பகுதியைக் கீட்ஸ் என்பார்களே, அந்தச் சொல்தான் கதை முழுக்க வரும். "கீட்ஸ் எண்டால் எங்கட குறிச்சி" என்றார் அப்பா. யாழ்ப்பாணத்தில் ஒரு ஊருக்குள் நாலைந்து ஒழுங்கை சேர்ந்த பகுதியை அப்படித்தான் சொல்வார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கிரொய்ஸ்பசாருக்கு வேறு பெயர் இல்லை. குறிச்சிதான். வேலை முடிந்து வந்து, "குறிச்சியிலை இண்டைக்கு என்ன?" என்று கேட்பார்.

மந்திரம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். குழுவில் டீட்ரிஷ் என்றொருவர். முன்பு பங்க் இசைக்குழுவில் இருந்து, இப்போது ஒரு ஆவியின் துணையோடு மந்திரம் செய்பவர். எங்கள் ஒரானியன் ஸ்ட்ராஸ தெருவில் 1978 முதல் இருக்கும் எஸ்ஓ36 என்ற பங்க் இசை அரங்கின் வாசலில் அவரைப் போல ஆட்களை நான் நாளும் பார்த்து வளர்ந்தவன். தெய்வத்தோடு கதைப்பதும் எனக்குப் புதிதில்லை. எங்கள் முருகன் பல வருடம் கிரொய்ஸ்பேர்க்கில் ஒரு கட்டடத்தின் நிலவறையில்தான் குடியிருந்தார். தலைக்கு மேலே தண்ணீர்க் குழாய்கள் ஓடும், உயரமானவர்கள் குனிந்துதான் கும்பிடவேண்டும். கற்பூரம் காட்டும்போது மேல்வீட்டுக்காரர் கழிப்பறைத் தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்கும். ஐயர் நிறுத்தமாட்டார். 2013 இல் பேர்லினின் பிரிட்ஸ் பகுதியில் கோபுரத்தோடு மயூரபதி முருகனுக்குப் புதுக்கோயில் எழும்பியது. அதற்கு அடுத்த வருடம் கேம் வந்தது. நிலத்தடியில் தெய்வம் இருக்கும் நகரம் என்று ஒருவர் எழுதினால் அது எனக்கு மாயாஜாலமாகத் தெரியாது.

குறை இருக்கிறது. அந்தக் குறிச்சியில் தமிழர் யாரும் இல்லை. எங்களைத் தேடித்தான் ஒவ்வொருவரிடமும் போய்க் கதைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. 2054 இல் டிரோலுக்கு இடம் இருந்த ஊரில் எங்களுக்கும் ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கலாம். இது எனக்கு உண்மையான வருத்தம்.

வலித்தது இன்னொன்று. வெளியே இருந்து யாரோ வந்து குறிச்சியைக் கலைத்துவிடுவார்களோ என்ற பயம் கதை முழுக்க இருக்கும். எங்களுக்கு அதற்கு டிராகன் தேவைப்படவில்லை. 2008 இல் ஸ்பிரே ஆற்றங்கரையைப் பெருங்கட்டடங்களுக்குக் கொடுக்கலாமா என்று எங்கள் மாவட்டத்தில் வாக்கெடுப்பு வந்தபோது 87 சதவீதம் பேர் எதிராகக் குத்தினார்கள். ஆனாலும் கட்டடங்கள் எழும்பின. 2016 இல் கூகுள் எங்கள் பகுதியின் பழைய துணை மின்நிலையக் கட்டடத்தில் ஒரு வளாகம் தொடங்கப்போவதாக அறிவித்தது. இரண்டு வருட எதிர்ப்புக்குப் பிறகு 2018 இல் கைவிட்டது. அன்று தெருவில் ஆட்கள் சந்தோசப்பட்டதை நான் பார்த்தேன். ஆனால் அதற்கு முந்தின வருடமே எங்கள் கட்டடம் கைமாறிவிட்டது. வாடகை கட்டமுடியாமல் அப்பாவும் அம்மாவும் பிரிட்ஸுக்குப் போனார்கள், கோயிலுக்குக் கிட்ட. தெய்ஸே மகனோடு வேறு நகரத்துக்குப் போனார். போகும்போது ஜெஸ்வேயை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா அதில் நெய் உருக்குகிறார்.

நீங்கள் இந்தக் கேமை விளையாடப் போகிறீர்கள் என்றால் 2014 செப்டெம்பரில் வந்த, திருத்தி விரித்த டிரெக்டர்ஸ் கட் பதிப்பை எடுங்கள். சண்டைகள் முறை வைத்து நடப்பவை, அவசரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஊபான் படியில் இறங்க முதல் குறிச்சியை ஒரு சுற்றுச் சுற்றி எல்லோருடனும் கதைத்துவிட்டுப் போங்கள். அல்தூவை விட்டுவிடாதீர்கள்.