இலைக்கு ஆதார் உண்டா?

கேள்வி: பசுந்தேயிலைக்கு ஆதார விலை கேட்டுக் கேட்டு எங்கள் தலைமுறையே நரைத்துவிட்டது. ஊட்டி பக்கம் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் அரசு ஆதரவு தருகிறதா, இல்லையா? ஒரே வரியில் பதில் சொல்லவும்.
- வாசகர் ஒருவர், கோத்தகிரி

பதில்: ஒரே வரியில் பேசத் தெரிந்திருந்தால் தந்தி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருப்பேன். அதையும் 2013-இல் மூடிவிட்டார்கள்.

முதலில் ஒரு சண்டை. கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு 'ஊட்டி பக்கம்' என்று எழுத உங்களுக்கு எப்படி ஐயா மனசு வந்தது? குன்னூர்க்காரனான நான் இந்தப் பக்கத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்தவன். கேத்தியில் பிடுங்கிய கேரட், மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கியதும் ஊட்டி கேரட். எங்கள் தெரு பேக்கரி அடுப்பில் வெந்த வர்க்கி, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கும்போது ஊட்டி வர்க்கி. குந்தா, மஞ்சூர், கட்டபெட்டு, பந்தலூர் என்று மலை முழுக்கக் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள். அவற்றின் இணையமான இன்கோசர்வுக்குத் தலைமையகம் குன்னூர். அது ரேஷன் கடைக்கு அனுப்பும் பொட்டலத்தின் பெயர்? ஊட்டி டீ! கொடைக்கானல்காரர்களைப் பாருங்கள், 2019-இல் மலைப்பூண்டுக்குக் குறியீடு வாங்கியபோது சொந்த ஊர் பெயரையே போட்டுக்கொண்டார்கள் என்று ஒருமுறை எழுதினேன். 'பூண்டு விளைவது எங்கள் ஊரில், பெயர் மட்டும் கொடைக்கானலுக்கா?' என்று பூம்பாறையிலிருந்து கடிதம் வந்தது. அதிலிருந்து அந்த உதாரணத்தைச் சொல்வதில்லை.

சரி, ஆதார விலை. பிறந்த குழந்தைக்குக்கூட ஆதார் எடுத்துவிடுகிறோம். தேயிலைக்குத்தான், தான் ஒரு பயிர் என்று காட்ட ஆதாரம் இல்லை. கேலி செய்யவில்லை. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதார விலை அறிவிப்பது 22 பயிர்களுக்கு. நெல் உண்டு, துவரை உண்டு, சணலும் கொப்பரையும்கூட உண்டு. தேயிலை கிடையாது. 1953-ஆம் வருடத் தேயிலைச் சட்டப்படி வந்த தேயிலை வாரியம் இருப்பது வேளாண் அமைச்சகத்தில் அல்ல, வணிக அமைச்சகத்தில். மாநிலத்துக்கு வாருங்கள். நீங்கள் இலை போடும் கூட்டுறவுத் தொழிற்சாலை சிறு, குறு தொழில் துறையின் கையில். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தொடங்கிய தோட்டங்கள், அதாவது இன்றைய அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ, வனத்துறையின் கையில். ஆக ஒரே செடி டெல்லியில் வணிகம், குந்தாவில் தொழில், கூடலூரில் காடு. விவசாயம் என்று மட்டும் எங்கேயும் பெயர் இல்லை. கவாத்துக் கத்தியோடு சரிவில் நிற்கும் மனிதரைக் கேட்டால் நான் விவசாயி என்பார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது.

அப்புறம் மனு என்ன ஆகும்? வேளாண் அமைச்சகம் இருக்கும் கிருஷி பவனுக்குப் போனால் வணிக அமைச்சகத்தின் வாணிஜ்ய பவனைக் காட்டுவார்கள். அங்கே போனால் கொல்கத்தாவில் வாரியம் இருக்கிறதே என்பார்கள். வாரியமும் சும்மா இல்லை, மாதாமாதம் இலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு, தேயிலைத் தூள் ஏலத்தில் என்ன விலைக்குப் போனதோ அதிலிருந்து பின்னோக்கி வருவது. உங்கள் உரக்கூலி, பறிகூலியிலிருந்து மேல்நோக்கி ஏறுவதல்ல. நாலு, நாலரை கிலோ இலை சேர்ந்தால் ஒரு கிலோ தூள். வெங்காயம் என்றால் பட்டறை போட்டு நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். காலையில் பறித்த இலை மறுநாள் வெறும் சருகு. அதனால் தொழிற்சாலை வாசலில் மழை ஈரத்துக்கு என்று எத்தனை கிலோ கழித்தாலும் தலையாட்டிவிட்டு வருகிறீர்கள். 2023-இல் நாக்குபெட்டா படுகர் நலச் சங்கத்தினர் உண்ணாவிரதம் இருந்து கேட்டது கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு. இன்கோசர்வ் உறுப்பினர்களுக்கு மாநில அரசு கொடுத்த ஊக்கத்தொகை கிலோவுக்கு 2 ரூபாய். புள்ளியை எங்கே வைப்பது என்பதில் ஏதோ குழப்பம் போல.

நம் பக்கமும் ஒரு குட்டு வைத்துவிடுகிறேன். பறிக்க வேண்டியது இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது கணக்கு (கட்சி விஷயம் இல்லை, கோபிக்க வேண்டாம்). கையால் பறிப்பது போய் இலை வெட்டும் கத்தரி வந்த பிறகு நாலாவது இலை, முற்றிய இலை, சில சமயம் குச்சி வரைக்கும் மூட்டைக்குள் போகிறது. ஆதார விலை வந்தாலும் குச்சிக்கு வராது.

அரசு ஆதரவு தரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த மலை அளவுக்கு ஆதரவு வாங்கி அடிபட்ட ஊர் குறைவு. வெள்ளைக்காரன் சின்கோனா மரம் வைத்தான், அதன் பட்டையிலிருந்து நடுவட்டத்தில் மலேரியா மருந்தான கொய்னா காய்ச்சினான். அடுப்பு விறகுக்கும் தோல் பதனிடவும் என்று தைலமரமும் சீகை மரமும் புல்வெளியை மூடின. சீகையைப் பிடுங்க இப்போது வேறு திட்டம். 1960-இல் வந்தது இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு பிலிம் கம்பெனி. எக்ஸ்ரே பிலிம் முதல் சினிமா பிலிம் வரை அங்கே உருட்டினார்கள். அந்த பிலிமின் 'இந்து' என்ற பிராண்ட் பெயரில்தான் இந்து நகர் என்று ஓர் ஊரே இருக்கிறது. கம்பெனி நெகட்டிவாகவே முடிந்தது. 1961-இல் உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு நூற்புழு இருப்பது தெரிந்து, விதைக்கிழங்கு மலையை விட்டு இறங்கத் தடை வந்தது. கிழங்கை விடு, தேயிலை போடு என்று நாற்றும் மானியமும் கொடுத்ததும் அரசுதான். போட்டோம். நம் தூளை அள்ளிக்கொண்டு போன சோவியத் யூனியன் உடைந்தது. அதற்கு மட்டும் அரசைத் திட்ட மாட்டேன்.

சில வருடம் முன்பு சிறு தேயிலை விவசாயிகள் கோரிக்கைக் கூட்டம் ஒன்றுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் பொன்னாடை, மாலை எல்லாம் முடிந்தது. தேயிலையைக் காப்போம் என்று தொண்டை கிழிய மூன்று பேர் பேசினார்கள். நடுவில் ஒரு பையன் டபரா தம்ளரோடு வந்தான். காபி! ஏன் தம்பி என்று கேட்டேன். "பெரியவங்களுக்கு டீ கொடுத்தா மரியாதையா இருக்காதுன்னு சொன்னாங்க சார்" என்றான். மூன்று பேச்சையும் மறந்துவிட்டேன், அந்தப் பையன் சொன்னது மறக்கவில்லை.

உங்கள் சங்கத்தாரிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த மனுவில் விலையை இரண்டாவதாக எழுதட்டும். முதல் வரியில், தேயிலையை விவசாயப் பயிராக வேளாண் அமைச்சகத்தின் பட்டியலில் சேர்க்கவும் என்று எழுதட்டும். கொடுக்கப் போகும்போது பிளாஸ்கில் டீ எடுத்துப் போகச் சொல்லுங்கள். அங்கேயும் காபிதான் வரும்.