பம்பை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறலாமா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து 43 வயது பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். ஆறு வருடமாக வீசிங், அதாவது ஆஸ்துமா. இரண்டு வருடமாகக் காலையும் இரவும் புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு பம்பு, இழுப்பு வந்தால் நீல நிற பம்பு. இப்போது குரல் கரகரத்துப்போய்விட்டது. நாக்கிலும் உள்கன்னத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளைப் படலம். கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. நீல பம்பு தினமும் நாலைந்து முறை தேவைப்படுகிறது. "பம்பு பழகிவிட்டால் விடவே முடியாது" என்கிறார் மாமியார். மருந்துக் கடையில் கவரில் போட்டுக் கொடுத்த சின்ன மாத்திரையை இரண்டு மாதமாக வாரத்தில் மூன்று நான்கு நாள் போடுகிறார். போட்ட அன்று மூச்சு லேசாக இருக்கிறதாம். பம்பை நிறுத்திவிட்டு மாத்திரையையே தொடரலாமா என்பது அவர் கேள்வி.

வேண்டாம், அம்மா. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அழுத்தியதும் பாதி மருந்து புகை மாதிரி வாயிலிருந்து வெளியே வந்துவிடுகிறது." என் கண் அங்கேதான் நின்றது. நீங்கள் சொல்லும் தொந்தரவுகள் எல்லாம் பெரும்பாலும் அந்தப் புகையிலிருந்து ஆரம்பிப்பவை. நுரையீரலுக்குப் போக வேண்டிய மருந்து வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடுகிறது. படிந்த இடத்தில் அந்த ஸ்டீராய்டு, நோய் எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் குறைப்பதால் கேண்டிடா என்ற பூஞ்சை வளர்கிறது. அதுதான் வெள்ளைப் படலம். குரல்நாணிலும் படிவதால் கரகரப்பு. சரி, நுரையீரலுக்கு? அங்கே போதிய மருந்து சேராததால் மூச்சுக்குழாய் வீக்கம் அடங்கவில்லை. அதனால் நீல பம்பு நாலைந்து முறை. அதில் இருக்கும் சால்பியூட்டமால் மூச்சுக்குழாயைத் தளர்த்தும்போதே கைத் தசையையும் இதயத்தையும் தூண்டிவிடுகிறது. நடுக்கமும் படபடப்பும் அங்கிருந்து வருகின்றன.

மருந்து தப்பில்லை, அது போய்ச் சேரும் வழிதான் தப்பு. வருகிறவர்களிடம் "எப்படி இழுக்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்பது என் வழக்கம். ஒரு பெரியவர், பொடியாக இழுக்க வேண்டிய ரோட்டாகேப் கேப்சூலை மாதக்கணக்கில் தண்ணீர் விட்டு விழுங்கிக்கொண்டிருந்தார். யாரும் அவருக்குக் காட்டித்தரவில்லை. அவர்மேல் கோபப்பட எதுவுமில்லை.

பம்பை நன்றாகக் குலுக்குங்கள். உள்ளே இருக்கும் மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். வாய்முனையைப் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டை இறுக்கி மூடுங்கள். மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பித்து, ஆரம்பித்த அந்த நொடியில் அழுத்துங்கள். அழுத்திவிட்டு இழுப்பதும், வெடுக்கென்று வேகமாக இழுப்பதும்தான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. நாலைந்து நொடி நிதானமாக இழுத்து, வாயை மூடி, மனதுக்குள் பத்து வரை எண்ணும் அளவுக்கு மூச்சைப் பிடியுங்கள். இரண்டாவது பஃப் என்றால் அரை நிமிடம் கழித்து. (பொடி இழுக்கும் கருவிக்கு இது பொருந்தாது. அதில் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும்; கருவிக்குள் மூச்சை விடக் கூடாது.)

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் பம்பிலிருந்து வரும் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில்தான் தங்கும். அதனால் பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் ஸ்பேசர் என்ற குழாயை வாங்கிவிடுங்கள். குழந்தைகளுக்கானது என்று நினைத்துப் பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். எல்லா வயதுக்கும் அது நல்லது. பெரிய துளிகள் அந்தக் குழாயிலேயே தங்கிவிடும், நுண்ணிய துளிகள் நுரையீரலுக்குப் போகும். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பம்பைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வையுங்கள். பம்பு முதலில், பல் துலக்குவது அப்புறம். தொண்டை வரை தண்ணீர் படக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. இப்போதுள்ள படலத்துக்கு க்ளோட்ரிமசோல் போன்ற வாய் மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். கையோடு சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறியிருந்தாலும் வாயில் பூஞ்சை வரும். நாளெல்லாம் சத்தமாகப் பேசும் வேலை உங்களுக்கு. மூன்று வாரத்துக்கு மேலும் குரல் தெளியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை குரல்நாணைப் பார்க்கட்டும்.

இப்போது அந்த மாத்திரை. கவரில் பெயரில்லாமல் தருகிற இழுப்பு மாத்திரைகளில் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும், சில சமயம் மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலினும் இருக்கும். போட்டதும் சுகமாக இருக்கக் காரணம் அதுதான். ஸ்டீராய்டுக்குப் பயந்து பம்பை விடுகிறவர் அதே ஸ்டீராய்டை உடம்பு முழுக்கப் பாயும் வடிவில் விழுங்குகிறார். இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. புடெசொனைடு ஒரு பஃப்பில் 200 மைக்ரோகிராம். ஆஸ்துமா முற்றும்போது நாங்கள் சில நாட்களுக்குக் கொடுக்கும் ப்ரெட்னிசலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். எடைக்கு எடை வீரியம் ஒன்றல்ல, ஆனாலும் வித்தியாசம் புரியும். மாதக்கணக்கில் மாத்திரை போனால் முகம் உப்பும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும், கண்புரை வரும். பம்பிலும் அதிக அளவு வருடக்கணக்கில் போனால் இவற்றில் சில எட்டிப்பார்க்கலாம், மறைக்கவில்லை. அதனால்தான் மூன்று மாதம் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால் அளவைக் குறைக்கப் பார்க்கிறோம்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று விட்டால் தலைசுற்றல், சோர்வு, ரத்த அழுத்த வீழ்ச்சி வரலாம். மீதி மாத்திரையைக் கவரோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். எப்படி இறக்குவது என்று அவர் சொல்வார்.

அதுவரை இன்னொரு எச்சரிக்கை. கை நடுக்கம், படபடப்பு என்று வேறு யாரிடமாவது போனால் முதல் வார்த்தையாக "எனக்கு வீசிங் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் வழக்கமாகக் கொடுக்கும் ப்ரோப்ரனலால், மூச்சுக்குழாயைச் சுருக்கிக் கடும் இழுப்பை வரவைக்கும். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமொலால் சொட்டு மருந்தும் அப்படியே. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

மாமியாரின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பம்பு போதை மாதிரிப் பழகுவதில்லை. நிறுத்தினால் இழுப்பு திரும்புகிறது என்றால் நோய் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். நிஜமாகப் பயப்பட வேண்டியது நீல பம்பை மட்டுமே நம்பி ஓட்டுவதற்கு. அது வீக்கத்தைத் தொடுவதே இல்லை. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டாலே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. உங்களுக்கு ஒரே நாளில் நாலைந்து. உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, நீல பம்பை மட்டும் தனியாகக் கொடுக்கும் பழக்கத்தை 2019-லேயே கைவிட்டது. புடெசொனைடும், மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த பம்பை தினசரிக்கும் அவசரத்துக்கும் ஒன்றாகவே பயன்படுத்தும் முறை இப்போது இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியவில்லை, நீல பம்பு போட்டும் அடங்கவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் யோசிக்காமல் 108. வண்டி வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்பேசரில் நீல பம்பை ஒவ்வொன்றாக நான்கு பஃப். 20 நிமிடம் கழித்து மறுபடியும். அந்த நேரத்தில் கை நடுங்கினால் நடுங்கட்டும்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு பம்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சீட்டு எழுதி முடித்ததும் எழுந்துவிடாமல், "ஒரு நிமிஷம் சார், நான் இழுப்பது சரியா என்று பாருங்கள்" என்று அவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். புகை வெளியே வருகிறதா என்று அவரே பார்க்கட்டும்.