'குண்டு தாங்கும் கட்டடம்' என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகம் சாலையை ஒட்டிய பழைய ஐந்து மாடிக் கான்கிரீட் கட்டடத்தில் இயங்குகிறது. எல்லாத் தூண்களுக்கும் கார்பன் இழை சுற்றி, ஜன்னல்களில் பிலிம் ஒட்டினால் 'குண்டு தாங்கும் கட்டடம்' என்று சான்றிதழே தருவதாக ஒரு விற்பனையாளர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: சான்றிதழ் இருக்கட்டும். எத்தனை கிலோ வெடிபொருள், எவ்வளவு தூரத்தில் வெடித்தால் தாங்கும் என்று கேளுங்கள். இந்த இரண்டு எண்களும் இல்லையென்றால் அது வெறும் காகிதம்.

தூரம் இரு மடங்கானால், அதே உச்ச அழுத்தத்தை உண்டாக்க எட்டு மடங்கு வெடிபொருள் வேண்டும். ஆகவே வாகனங்களைத் தள்ளி நிறுத்தும் தடுப்புகளுக்கு இடமிருந்தால் முதல் பணத்தை அங்கே போடுங்கள். இழை விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

அடுத்தது ஜன்னல். வெடிப்பில் காயம்பட்டவர்களில் பெரும்பாலோரைக் கிழிப்பது கண்ணாடிச் சில்லுகள்தான். ஆனால் கண்ணாடியின் தெரியும் பரப்பில் மட்டும் பிலிமை ஒட்டி ஓரத்தில் வெட்டிவிட்டால், உடைந்த கண்ணாடி ஒரே பலகையாகப் பெயர்ந்து உள்ளே பாயும். பிலிமின் விளிம்பை ஜன்னல் சட்டத்தோடும், சட்டத்தைச் சுவரோடும் பிணைக்க வேண்டும். விலைப்பட்டியலில் இந்தப் பிணைப்பு தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கை வைப்பார்கள். வெடிப்பைத் தாங்கும் கண்ணாடிக்கான சர்வதேசச் சோதனைத் தரமான ஐஎஸ்ஓ 16933 முறைப்படி நடந்த சோதனையின் அறிக்கையைக் கேட்டால், அதிலுள்ள கண்ணாடியின் தடிமனும் சட்டமும் உங்களுடையவைதானா என்றும் ஒப்பிடுங்கள்.

கார்பன் இழை ஏமாற்று வேலை அல்ல. தூணை இறுக்கிப் பிடித்து, கான்கிரீட் நொறுங்கிச் சிதறாமல் காக்கும். ஆனால் எல்லாத் தூண்களுக்கும் எதற்கு? 1995இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றின் முன்னால் லாரி குண்டு வெடித்தபோது, முன்வரிசையின் தரைத்தளத் தூண்கள் சில முறிந்ததும் அவற்றின் மேலிருந்த பெரிய உத்தரம் சரிந்து, மாடிகள் அடுக்கடுக்காக இறங்கின. இறந்த 168 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது அந்த இடிபாடு. சாலையைப் பார்த்த கீழ்த்தளத் தூண்களிலிருந்து தொடங்குங்கள். சதுரத் தூணின் முனைகளை மழுக்காமல் சுற்றினால் இழை அங்கேயே அறுபடும். உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இழையை ஒட்டும் எபாக்ஸி பசை சூட்டில் இளகுவதால் தீக்காப்புப் பூச்சையும் கேளுங்கள்.

மாடிகளின் தளத்தைப் பற்றி அந்த விற்பனையாளர் வாய் திறக்கவில்லை, கவனித்தீர்களா? கீழ்நோக்கி அழுத்தும் எடையைத் தாங்கக் கம்பி கட்டிய தளத்தை வெடிப்பு கீழிருந்து மேலே தூக்கும். செங்கல் தடுப்புச் சுவர்களும் உள்ளே சிதறும்; அவற்றின் உட்புறம் ரப்பர் போல இழுபடும் பாலியூரியா பூச்சைப் பூசினால் துண்டுகள் பறக்காது.

பொருள் எதையும் விற்காத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து, பழைய வரைபடங்களோடு கட்டடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் அறிக்கை வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.