நஷ்ட ஈடு பாக்கி, ஜெயில்ல போட்டுருவாங்களா?

வேலை போயி மூணு மாசமா, கேஸ்ல பாதிக்கப்பட்டவங்களுக்கு கோர்ட் கட்டச் சொன்ன நஷ்ட ஈடு கட்டல, புரொபேஷன் (ஜெயிலுக்குப் பதிலா ஒரு ஆபீசர் கண்காணிப்புல வெளிய இருக்கற காலம்) முடிய ரெண்டு மாசம்தான் இருக்கு, உள்ள தள்ளிருவாங்களான்னு கேட்டிருக்கீங்க. கையில காசு இல்லங்கிற ஒரே காரணத்துக்காக உடனே தள்ள முடியாதுங்க. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே 1983ல பியர்டன் எதிர் ஜார்ஜியா கேஸ்ல இத சொல்லிருச்சு, அந்த பியர்டனுக்கும் உங்கள மாதிரிதான் வேலை போயி 550 டாலர் பாக்கி நின்னுச்சு. காசு இருந்தும் கட்டலையா, இல்ல முயற்சி பண்ணியும் முடியலையான்னு ஜட்ஜ் விசாரிக்கணும். முடியலன்னா வேற தண்டனை எதுவும் சரிப்படுமான்னு பாத்துட்டுதான் ஜெயில் பேச்சே.

ஆனா நீங்க புரொபேஷன் ஆபீசர் போனை எடுக்காம இருக்கீங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்கு பயமா இருக்கு, ஏன்னா ஒளிஞ்சா வேணும்னே கட்டலன்னு அவங்க எழுதிருவாங்க, வாரன்ட் கூட வரலாம். இன்னைக்கே கூப்பிட்டு சொல்லுங்க. வேலை போன லெட்டர், வேலைக்கு அப்ளை பண்ணதுக்கு ஆதாரம், வாடகை ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்து வைங்க, இருபது டாலரா இருந்தாலும் கட்டி ரசீது வாங்குங்க. தவணைய குறைக்கச் சொல்லி கோர்ட்ல மனு போடலாம், வக்கீலுக்கு வசதி இல்லன்னா பப்ளிக் டிஃபென்டர் (அரசு செலவுல வாதாடற வக்கீல்) ஆபீஸ்ல கேளுங்க.

புரொபேஷன் முடிஞ்சா கடனும் போயிரும்னு நெனைக்காதீங்க. பல மாநிலத்துல காலத்த நீட்டிப்பாங்க, இல்லன்னா சிவில் தீர்ப்பா (சாதாரண கடன் பாக்கி மாதிரி) மாத்தி சம்பளத்துல புடிப்பாங்க. சாப்டர் 7ங்கிற, கடன தள்ளுபடி பண்ணச் சொல்லி கேக்கற திவால் மனு போட்டாலும் இது கழியாது.