பின்னச் சமன்பாட்டில் பகுதியை (பின்னத்தில் கோட்டுக்குக் கீழே இருப்பதை) நீக்கித் தீர்த்தால், பொருந்தாத விடை ஏன் கூடவே வருகிறது?

முறையில் தப்பில்லை. பகுதிகளை நீக்க இரண்டு பக்கத்தையும் மீச்சிறு பொது மடங்கால் (எல்லாப் பகுதிகளாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறியதால்) பெருக்குகிறோம் இல்லையா, அந்த மடங்குக்குள்ளேயே எக்ஸ் இருப்பதால் எக்ஸின் சில மதிப்புகளுக்கு அது பூஜ்ஜியமாகிவிடும். பூஜ்ஜியத்தால் பெருக்கினால் 5 = 7 என்பதுகூட 0 = 0 ஆகிவிடும், பொருந்தாத விடை நுழைவது அங்கேதான்.

ஒரு கணக்கு போட்டே பார்க்கலாம்.

எக்ஸ்/(எக்ஸ் − 2) − 1/(எக்ஸ் + 2) = 8/(எக்ஸ்² − 4)

பெருக்கத் தொடங்கும் முன்பே, எக்ஸ் 2 ஆகவோ −2 ஆகவோ இருக்கக் கூடாது என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விடை வந்த சந்தோஷத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மூன்று பகுதிகளுக்கும் மீச்சிறு பொது மடங்கு (எக்ஸ் − 2)(எக்ஸ் + 2). பகுதிகளை எல்லாம் அப்படியே ஒன்றோடொன்று பெருக்கிவிடாதீர்கள், தேவையே இல்லாமல் நாலாம் படிக்குப் போய்விடும். ஒவ்வொரு உறுப்பையும் பெருக்கினால்:

எக்ஸ்(எக்ஸ் + 2) − (எக்ஸ் − 2) = 8

அந்த அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள், அதைப் பிரித்தால் −எக்ஸ் + 2. சுருக்கினால் எக்ஸ்² + எக்ஸ் − 6 = 0, அதாவது (எக்ஸ் + 3)(எக்ஸ் − 2) = 0. விடை −3, 2. இதில் 2 ஏற்கெனவே ஓரத்தில் இருக்கிறது, அதனால் அடித்துவிடலாம். −3 போட்டால் இடப்பக்கம் 3/5 + 1 = 8/5, வலப்பக்கமும் 8/5.

சரி, அந்த 2 எங்கிருந்து வந்தது? எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பெருக்காமல் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து ஒரே பின்னமாக்கிப் பாருங்கள்:

(எக்ஸ் + 3)(எக்ஸ் − 2) / (எக்ஸ் − 2)(எக்ஸ் + 2) = 0

மேலேயும் கீழேயும் (எக்ஸ் − 2) இருக்கிறது, அடிபட்டுப் போகிறது, மிஞ்சுவது (எக்ஸ் + 3)/(எக்ஸ் + 2) = 0 மட்டும். மூலச் சமன்பாட்டுக்கு விடையே ஒன்றுதான். நாம் பெருக்கியபோது கீழே இருந்த (எக்ஸ் − 2) மறைந்துவிட்டது, மேலே இருந்தது தனியாக நின்று 2 என்ற விடையைக் கொடுத்துவிட்டது.

அப்புறம் இன்னொன்று. சமக்குறி இல்லாமல் சுருக்கச் சொல்லி இயற்கணிதக் கோவை மட்டும் கொடுத்திருந்தால் பகுதியை நீக்கவே கூடாது, அதன் மதிப்பே மாறிவிடும். அங்கே பகுதிகளை ஒன்றாக்கிக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சரிபார்க்கும்போது பகுதி பூஜ்ஜியமானால் அந்த விடையை மட்டும் விட்டுவிடுங்கள், உங்கள் வழி சரிதான். பகுதி பூஜ்ஜியமாகாமல் இரண்டு பக்கமும் வேறு வேறு எண்ணாக வந்தால், பெரும்பாலும் நடுவில் எங்கோ குறி மாறியிருக்கிறது அல்லது ஒரு உறுப்பைப் பெருக்காமல் விட்டிருக்கிறீர்கள், பெருக்கிய வரியிலிருந்து மறுபடி பாருங்கள்.